ஊர் அடங்கியபோது ஆடிய கட்டடம்

நிலநடுக்கத்தைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையோடு இந்த வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். முதல் வாரத்திலேயே ஏமாந்து போயிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு திரையைப் பார்த்தால் தெரிவது பூமி அல்ல, மனிதர்கள். ரயில், லோரி, பாலத்துக்குக் கம்பம் இறக்குகிற இயந்திரம், தொழிற்சாலை. சுமத்ரா பக்கம் பூமி புரண்டு படுத்தால் அதன் அலை நம்மிடம் வந்து சேரும். அது எப்போதாவது நடப்பது. மற்ற நேரமெல்லாம் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் வேலைக்குப் போவதையும் திரும்புவதையும்தான் நமது நிலநடுக்கப் பதிவுக் கருவிகள் எழுதிக்கொண்டிருக்கின்றன. அதற்குப் பின்னணி இரைச்சல் என்று பெயர் வைத்து, வடிகட்டித் தள்ளிவிட்டு, மிச்சத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறோம்.

தள்ளுவதற்கு முன்னால் ஒரு முறை அதை நன்றாகப் பாருங்கள். நான் இன்று சொல்ல வந்தது அவ்வளவுதான். ஆனால் சும்மா சொன்னால் மனதில் நிற்காது என்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவில் ஒரு மூத்த அதிகாரி இருந்தார். ஒரு சீனப் புத்தாண்டன்று, நகர ஓரத்தில் இருந்த ஒரு கருவியின் கோடு திடீரென்று இளைத்துப் போனது. பழுதாகிவிட்டது என்று நினைத்து, விடுமுறை நாளிலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். மதியம் கை நிறைய மேண்டரின் ஆரஞ்சுகளோடு திரும்பி வந்தார். "கருவி நல்லாத்தான் இருக்கு. ஊருதான் லீவு" என்று சொல்லி, ஆளுக்கு இரண்டு பழம் கொடுத்தார். அன்று நாங்கள் சிரித்தோம். பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். திங்கட்கிழமைக்கு ஒரு முகம், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு முகம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் ஒரு பள்ளம். தைப்பூசத்தன்று பத்துமலைப் பக்கத்துக் கருவி மட்டும் தூங்கவே தூங்காது. நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். ரயில் போகும்போது அலமாரிக் கண்ணாடி நடுங்குவது எனக்குச் சிறு வயதிலேயே பழக்கம். அந்த நடுக்கத்தைப் படிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை நம்பத்தான் கொஞ்ச காலம் பிடித்தது.

பிறகு பெருந்தொற்று வந்தது. நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அப்போது உங்களில் பலர் பள்ளிக்கூடத்திலோ கல்லூரியிலோ இருந்திருப்பீர்கள். ஓய்வு பெற எனக்குக் கொஞ்ச காலமே மிச்சம் இருந்தது. அலுவலகத்துக்கு ஒரு நேரத்தில் ஒருவர்தான் வரலாம் என்பது ஏற்பாடு. முதல் நாள் காலையில் தனியாக உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். வழக்கமாகத் தடித்த பட்டையாக ஓடும் கோடு, பென்சிலால் இழுத்த மாதிரி இருந்தது. காலைப் பரபரப்பும் மாலைப் பரபரப்பும் இல்லை. என் வேலைக் காலம் முழுவதும் இந்த ஊர் இப்படி மூச்சடக்கி நின்று நான் பார்த்ததில்லை. உலகெங்கும் எங்கள் தொழிலில் இருந்தவர்கள் அந்த நாட்களில் இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அமைதியில்தான் கிள்ளானிலிருந்து தொலைபேசி வந்தது.

பேசியவர் குணசேகரன். கட்டடப் பாதுகாப்பைப் பார்க்கும் பொறியாளர். கிள்ளானில் ஓர் எட்டு மாடிக் குடியிருப்பு அவர் பொறுப்பில் இருந்தது. நானூறு பேருக்குக் குறையாமல் குடியிருந்த கட்டடம். ஒரு வருடத்துக்கும் மேலாக, மேல் மாடிக்காரர்கள் வீடு ஆடுகிறது என்று புகார் சொல்லி வந்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தவர்கள் எல்லாரும் பக்கத்துச் சாலையைக் காட்டி, துறைமுகத்துக்குப் போகும் லோரிகள்தான் காரணம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. அவ்வளவு லோரிகள் ஓடிய சாலை அது.

"இப்ப ரோட்டுல லோரியே இல்லை மேடம். ஆனா கட்டடம் ஆடுது" என்றார் குணசேகரன். "சுவத்துல விரிசல் வேற. கிள்ளான் மண்ணு உங்களுக்குத் தெரியும், சேறு மாதிரி. அடியில இறக்கின பைலிங் கம்பம் விட்டுப் போச்சுன்னு எனக்குப் பயமா இருக்கு. கீழே நிலநடுக்கம் ஏதாவது இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. நாளைக்கு மத்தியானம் எல்லாரையும் வெளியே எடுக்கிறதா முடிவு பண்ணியிருக்கோம். பஸ்ஸுக்கும் சொல்லியாச்சு."

"எங்கே கொண்டுபோய் வைப்பீங்க?"

"ஸ்கூல் மண்டபத்துல. வேற எங்க?"

நோய்க்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம். நானூறு பேரை ஒரே மண்டபத்தில் படுக்க வைப்பது என்றால் என்ன என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அவரைக் குறை சொல்ல முடியாது. இளம் வயதில், சரிந்து போன ஒரு கட்டடத்தின் இடிபாடுகளுக்கு நடுவே அவர் வேலை பார்த்திருக்கிறார். "இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை மேடம்" என்றார்.

கிள்ளானில் ஒரு பள்ளி வளாகத்தில் நமக்கு ஒரு கருவி இருந்தது. அதன் பதிவை எடுத்தேன். நிலநடுக்கம் எதுவும் இல்லை. அதைச் சொல்ல ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. ஆனால் அந்த இளைத்த கோட்டுக்குள் இன்னொன்று இருந்தது. மெல்லிய, ஒரே சீரான ஒரு துடிப்பு. விநாடிக்கு மூன்று நான்கு முறை, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், தையல் போட்டது போல. கட்டுப்பாட்டுக்கு முந்தைய வாரங்களின் பதிவில் தேடினால் எதுவும் கிடைக்கவில்லை. ரயிலும் லோரியும் எழுப்பிய இரைச்சலில் அது முழுகிக் கிடந்திருக்கிறது. ஊர் அடங்கிய பிறகுதான் வெளியே தெரிந்தது.

எங்கள் இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். கெட்டிக்காரர், நல்லவர். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை.

"நிலநடுக்கம் இல்லைன்னு நமக்குத் தெரிஞ்சிடுச்சு. அதைச் சொல்லிடுங்க. நம்ம வேலை அதோட முடிஞ்சது. கட்டடம் ஏன் ஆடுதுன்னு கண்டுபிடிக்கிறது நம்ம பொறுப்பு இல்லை. நீங்க ஏதாவது சொல்லி, அது தப்பாப் போச்சுன்னா?"

உங்களுக்கும் ஒரு நாள் இந்த இடம் வரும். சரியான பதிலைச் சொல்லிவிட்டுப் பத்திரமாக விலகிக்கொள்ளும் இடம். நிலநடுக்கம் இல்லை என்ற பதில் முழு உண்மை. ஆனால் அதைக் கேட்ட குணசேகரன் என்ன நினைப்பார்? லோரி இல்லை, நிலநடுக்கமும் இல்லை, அப்படியானால் கட்டடம்தான் இறங்குகிறது என்று நினைப்பார். என்னுடைய உண்மையே அந்த நானூறு பேரை வெளியே தள்ளிவிடும்.

"நேர்ல போய் ஒரு தடவை பார்த்துட்டு வரேன் சார். எதையும் உறுதியாத் தெரியாம சொல்ல மாட்டேன்" என்றேன். அவர் பயண அனுமதிக்கு ஏற்பாடு செய்தார்.

மறுநாள் காலையில் கையடக்கக் கருவிகள் இரண்டைக் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். எந்நேரமும் நெரிசலாக இருக்கும் நெடுஞ்சாலை விமான ஓடுபாதை மாதிரி கிடந்தது. சாலைத் தடுப்பில் நின்ற இளம் போலீஸ்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். நிலநடுக்கத்தை அளக்கும் கருவி என்று மலாயில் விளக்கினேன். அவர் முகக்கவசத்துக்கு மேலே கண்கள் விரிந்தன. நோய் போதாதென்று அதுவும் வரப்போகிறதா என்று கேட்டார். வரக்கூடாது என்றுதான் போகிறேன் என்றேன். சல்யூட் அடித்து அனுப்பினார்.

கட்டடத்தின் வாசலில் குணசேகரன் நின்றிருந்தார். ஒடிசலான மனிதர், தூங்காத கண்கள். அவர் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு ரீத்தா நின்றாள். ஏழாவது மாடியில் குடியிருப்பவள், குடியிருப்பாளர் சங்கத்துக்குச் செயலாளர். கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்தவள். நான் காரை விட்டு இறங்குவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். வாரத்துக்கு மூணு தடவை. அவரை அந்த மண்டபத்துல எல்லாரோடையும் படுக்க வச்சா என்ன ஆகும், நீங்களே சொல்லுங்க. ஆனா இங்கேயே இருந்து கட்டடம் விழுந்துச்சுன்னா? ஒண்ணு சொல்லிடுங்க அக்கா, போகவா, இருக்கவா? ரெண்டுல ஒண்ணு."

"அதைப் பார்க்கத்தான் வந்திருக்கேன்" என்றேன். வேறு ஏதாவது சொல்லி அவளைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். சொல்லவில்லை. நமக்கே தெரியாத ஒன்றைச் சொல்லி ஆறுதல் தரக்கூடாது.

ஒரு கருவியைத் தரைத் தளத்திலும் மற்றதை ரீத்தாவின் வீட்டிலும் வைத்தேன். இரண்டிலும் அதே துடிப்பு. கீழே முணுமுணுப்பாக இருந்தது ஏழாவது மாடியில் நன்றாகவே தெரிந்தது. ரீத்தா ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து மேசைமேல் வைத்தாள். தண்ணீரின் மேல் வளையம் வளையமாக நடுக்கம் ஓடிக்கொண்டே இருந்தது.

"இதைப் பார்த்துக்கிட்டேதான் அக்கா நாங்க சாப்பிடுறோம், ஜெபம் பண்ணுறோம், எல்லாம்" என்றாள்.

பள்ளி வளாகத்துக் கருவியின் பதிவை என் கணினியில் விரித்து வைத்து, அந்தத் துடிப்பு எப்போது நிற்கிறது என்று தேடினேன். தினமும் மதியம் கொஞ்ச நேரம் நின்றது. வெள்ளிக்கிழமைகளில் இன்னும் அதிக நேரம் நின்றது. மண் இறங்குவதாக இருந்தால் சாப்பாட்டு நேரம் பார்த்து ஓய்வெடுக்காது. பூமிக்கு வெள்ளிக்கிழமை இடைவேளை கிடையாது. இது யாரோ கைகொண்டு முடுக்குகிற, நிறுத்துகிற ஒன்று.

இன்னொன்றும் தெரிந்தது. கட்டுப்பாடு தொடங்கிய பிறகு, நடுவில் சில நாட்கள் அது முழுவதுமாகக் காணாமல் போயிருந்தது. அந்த நாட்களைச் சொன்னதும் ரீத்தா கையைத் தட்டினாள்.

"ஆமாக்கா! அப்ப ஆடவே இல்லை. மாதா காப்பாத்திட்டாங்கன்னு நாங்க மெழுகுவர்த்தி எல்லாம் கொளுத்தினோம். அப்புறம் பார்த்தா திரும்ப ஆரம்பிச்சிடுச்சு."

குணசேகரன் சுவரில் சாய்ந்து நின்றவர் நிமிர்ந்தார். "அந்த நாளு... மேடம், ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மாவு மில்லு இருக்கு. சாப்பாட்டுச் சாமான்கிறதால அவங்களுக்கு மட்டும் பெர்மிட் உண்டு. அங்க ஒரு ஆளுக்குப் பாசிட்டிவ்னு மில்லை மூடி மருந்து அடிச்சாங்க. அதே நாளுதான்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆனால் குணசேகரன் உடனே மறுத்துத் தலையாட்டினார்.

"போதாது மேடம். நாளு ஒத்துப்போச்சுன்னு நான் நானூறு பேரை இங்க விட்டுட்டுப் போக முடியாது. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஓடுற மெஷினு இந்தக் கட்டடத்தை எப்படி ஆட்டும்?"

நியாயமான கேள்வி. ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள் என்றேன். விரலால் தள்ளினாலே போதும், ஊஞ்சலின் தாளத்துக்கு ஏற்றபடி தள்ளினால் அது உயரமாக ஆடும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனக்கென்று ஒரு தாளம் உண்டு. அந்த இயந்திரத்தின் வேகம் இந்தக் கட்டடத்தின் தாளத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போயிருந்தால், சேற்று மண் வழியாக வரும் சின்ன அசைவுகூட ஏழாவது மாடியில் பெரிதாகத் தெரியும். நான் அளந்த வரைக்கும் அந்த அசைவு மனிதரைப் பயமுறுத்தப் போதும்; தூணை முறிக்கப் போதாது.

"ஆனா நீங்க சொல்றது சரி. இது வரைக்கும் என் ஊகம்தான்" என்றேன். "மில்லை நிறுத்திப் பார்த்திடுவோம்."

மில்லின் மேலாளர் பெயர் லிம். கேட்டுக்கு வெளியே வந்து, இரண்டு கை தூரம் தள்ளி நின்று எங்களைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அவர் தமிழில் பதில் சொன்னார். அவருடைய தகப்பனார் தோட்டப்புறத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவராம். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடிப் பேசிய தமிழ் அது, வாக்கிய முடிவில் நம் ஊர் 'லா'வோடு.

"மேடம், இப்ப ரொட்டிக் கடைக்காரன் எல்லாம் என் கழுத்தைப் பிடிக்கிறான் லா. ஊரே வீட்டுல உட்கார்ந்து கேக் சுடுது. மாவு எவ்வளவு அரைச்சாலும் பத்தலை. இந்த நேரத்துல மெஷின் நிறுத்தச் சொல்றீங்களே."

"கொஞ்ச நேரம்தான், மிஸ்டர் லிம்."

"கொஞ்ச நேரம் பிரச்சனை இல்லை. நிறுத்தி, அங்க ஆட்டம் நின்னுடுச்சுன்னு வைங்க. நாளைக்கு எல்லாரும் யாரை ஏசுவாங்க? என்னைத்தானே?"

அவர் மனதில் இருந்தது அதுதான். மறைக்காமல் சொன்னதே எனக்குப் பிடித்திருந்தது. நானும் மறைக்காமல் பேசினேன்.

"ஏசுவாங்க. இருக்கலாம். ஆனா உங்க மில்லுல ஒரே ஒரு ஆளுக்கு நோய் வந்ததுக்கே மூடிட்டீங்க. அங்க நானூறு பேர் இருக்காங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல பஸ்ஸுல ஏத்தி ஒரே மண்டபத்துல விடப் போறாங்க. நீங்க நிறுத்தி ஆட்டம் நின்னுச்சுன்னா, கட்டடத்துல கோளாறு இல்லைன்னு தெரியும், அவங்க வீட்டை விட்டுப் போக வேண்டாம். மெஷினை என்ன செய்யலாம்னு அப்புறம் உட்கார்ந்து பேசுவோம். நிக்கலைன்னா உங்களுக்கும் எங்களுக்கும் பேச்சே இல்லை, நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடுறேன்."

லிம் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "போன வருஷம்தான் மேல் மாடியில புதுச் சலிப்பு மெஷின் போட்டோம்" என்றார் மெதுவாக. மாவைச் சலிக்கும் பெரிய பெட்டிகள், அத்தனையும் ஒரே வேகத்தில் வட்டம் போடுபவை. "அந்தக் கட்டடத்துல எங்க ஆளுங்களும் குடியிருக்காங்க. சரி, வாங்க."

சோதனை எப்படி நடக்க வேண்டும் என்பதைக் குணசேகரன் தீர்மானித்தார். அவர் மில்லிலேயே இருப்பார். நான் ஏழாவது மாடியில் கருவியோடு இருப்பேன். எப்போது நிறுத்துவார் என்பதை எனக்குச் சொல்ல மாட்டார். "நீங்களா சொல்லணும் மேடம், இப்ப நின்னுச்சுன்னு. அப்பத்தான் நான் நம்புவேன்." அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை கூடியது. நான் கேட்டிருக்க வேண்டியதை அவர் கேட்டார்.

ரீத்தாவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் திரை, மறுபக்கம் தண்ணீர்ப் பாத்திரம். அவள் கணவர் உள்ளறைக் கட்டிலில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். நடைபாதையில், இடைவெளி விட்டு நின்ற அண்டை வீட்டுக்காரர்கள். சிலர் துணிப்பையைக் கட்டி வாசலிலேயே வைத்திருந்தார்கள். கீழே முதல் பேருந்து வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

துடிப்பு ஓடிக்கொண்டே இருந்தது. நேரம் போனது. நான் நினைத்தது தவறாக இருந்தால்? மில் எப்போதோ நின்றுவிட்டது, இங்கே இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது என்று இருந்தால்? மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது தண்ணீர் குதித்தது.

அடங்கவில்லை, கூடியது. பாத்திரத்தின் விளிம்பில் தண்ணீர் மோதித் தெறித்தது. ஜன்னல் கண்ணாடி கடகடவென்றது. "கூடுது! அக்கா, கூடுது!" என்று ரீத்தா எழுந்துவிட்டாள். நடைபாதையில் ஒருவர் அலறினார். படிக்கட்டுப் பக்கம் கால்கள் ஓடும் சத்தம்.

நண்பர்களே, இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிக நீண்ட சில விநாடிகள் அவை. எட்டு மாடிப் படிக்கட்டில் பயந்த கூட்டம் இறங்கினால் என்ன ஆகும் என்பது ஒரு பக்கம். நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்பது மறுபக்கம். திரையைப் பார்த்தேன். கோடு உயர்ந்திருந்தது, ஆனால் தையல் அகலமாகிக்கொண்டிருந்தது. துடிப்பு பெரிதாகும்போதே மெதுவாகவும் ஆகிக்கொண்டிருந்தது. அப்போது புரிந்தது. இயந்திரம் உடனே நிற்காது. சுற்றிச் சுற்றி வேகம் குறையும். அப்படிக் குறையும்போது, கட்டடத்தின் தாளத்தைச் சரியாக ஒரு கணம் தொட்டுவிட்டுத்தான் கீழே இறங்கும். ஊஞ்சலுக்குக் கடைசி ஒரு தள்ளு.

"ஓடாதீங்க!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அதுவரை தெரியாது. "யாரும் ஓடாதீங்க! நில்லுங்க! மெஷின் நிக்கப் போகுது!"

நின்றார்கள். ஏன் நின்றார்கள் என்று இன்றுவரை தெரியாது. முகம் தெரியாத ஒருத்தி சொன்னதைக் கேட்டு நின்றார்கள். ஜன்னலின் கடகடப்பு தளர்ந்தது. தண்ணீர் ஒரு முறை புரண்டது. பிறகு வளையங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. பாத்திரத்தில் மேல்கூரை விளக்கு அசையாமல் தெரிந்தது.

ரீத்தா குனிந்து பார்த்தாள். தொட்டுவிடுவோமோ என்று பயந்தவள் போல இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"நின்னுடுச்சு" என்றாள் கிசுகிசுப்பாக. பிறகு வாசலுக்கு ஓடி, மேலும் கீழும் பார்த்து, "நின்னுடுச்சு! நின்னுடுச்சு!" என்று கத்தினாள்.

நான் தொலைபேசியை எடுத்தேன். "குணா, இப்ப நிறுத்திட்டீங்க."

"ஆமா மேடம்" என்றார்.

அத்துடன் அவர் விடவில்லை. மறுபடி ஓட்டினார், சொன்னேன். மறுபடி நிறுத்தினார், சொன்னேன். இம்முறை நடைபாதையில் நின்றவர்களும் என்னோடு சேர்ந்தே சொன்னார்கள். அடுத்த தடவை நெடுநேரம் எதுவும் செய்யாமல் காத்திருந்து, "என்ன மேடம், நின்னுச்சா?" என்று கேட்டுப் பார்த்தார். "இல்லை, ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. என்னை ஏமாத்தப் பார்க்காதீங்க" என்றேன். அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் கேட்டேன். பின்னாலிருந்து லிம், "போதும் லா, என் மாவு!" என்று சத்தம் போட்டதும் கேட்டது.

குணசேகரன் திரும்பி வந்து, அடித்தளத் தூண்களையும் விரிசல்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். விரிசல் பூச்சோடு நின்றிருந்தது, உள்ளே இறங்கவில்லை. நிலம் இறங்கியதற்கு அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. கட்டடத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னவர் அவர், நான் அல்ல. என் கருவிக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். தூணுக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். அந்த எல்லையை நீங்களும் காத்துக்கொள்ளுங்கள். பிறகு அவரே கீழே போய், பேருந்து ஓட்டுநர்களிடம் பேசினார்.

பேருந்துகள் காலியாகத் திரும்பிப் போனதை ஏழாவது மாடியிலிருந்து பார்த்தேன். எல்லா மாடிகளிலும் மக்கள் கைப்பிடிச் சுவரருகே வந்து நின்றார்கள். யாரோ தட்டைத் தட்ட ஆரம்பித்தார். பிறகு கட்டடம் முழுவதும் தட்டும் கரண்டியும் கைத்தட்டலுமாக அதிர்ந்தது. ரீத்தாவின் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வாசல்வரை வந்துவிட்டார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் முகக்கவசத்துக்குள் அழுதுகொண்டிருந்தேன். அது யாருக்கும் தெரியாமல் இருந்ததுதான் அந்தத் துணியால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை.

பிறகு லிம்மோடு உட்கார்ந்து பேசினோம். சலிப்பு இயந்திரத்தின் கப்பியை மாற்றி, வேகத்தைக் கட்டடத்தின் தாளத்திலிருந்து தள்ளி வைத்தார்கள். அடியில் அதிர்வைத் தாங்கும் திண்டுகள் போட்டார்கள். அது வரைக்கும் இயந்திரத்தைப் பாதி மட்டும் ஓட்டினார். பூச்சு வேலைக்கான செலவையும் மில்லே ஏற்றுக்கொண்டது. அவர் பயந்த மாதிரி யாரும் அவரை ஏசவில்லை. குடியிருப்பாளர் சங்கம் அவருக்கு நன்றி சொல்லி, மில்லுக்குப் போய் மாலை போட்டது.

எங்கள் இயக்குநர் என் அறிக்கையைப் படித்துவிட்டு, "நம்ம வேலை எங்க முடியுதுன்னு நான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்" என்றார். அதைச் சொல்ல ஒரு மேலதிகாரிக்குத் துணிவு வேண்டும். நீங்கள் மேலே போகும்போது அதையும் நினைவில் வையுங்கள். அதன் பிறகு இரைச்சலைப் பற்றிக் கேட்டு எத்தனையோ பேர் எங்களைத் தேடி வந்தார்கள். பால வேலை நடக்கும் இடத்துப் பள்ளிக்கூடம், சுரங்கப் பாதைக்கு மேலே இருக்கும் மருத்துவமனை. நாம் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த பகுதிக்கென்றே இப்போது நம் அலுவலகத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. உங்களில் சிலர் அதில்தான் உட்காரப் போகிறீர்கள்.

கட்டுப்பாடுகள் எல்லாம் நீங்கிய பிறகு வந்த கிறிஸ்துமஸுக்கு ரீத்தா எங்களைக் கூப்பிட்டாள். நான் போனேன். குணசேகரன் மனைவியோடு வந்திருந்தார். லிம் ஒரு மாவு மூட்டையைத் தானே தோளில் தூக்கி வந்து வைத்தார். அந்த மாவில் சுட்ட கேக்குகள் ஏழாவது மாடி நடைபாதை நெடுக மேசைகளில் இருந்தன. பாட்டுப் போட்டுவிட்டார்கள். பிள்ளைகளும் பெரியவர்களும் ஆடினார்கள்; ரீத்தாவின் கணவர்கூட நாற்காலியில் இருந்தபடி கை ஆட்டினார். ஆட்டம் சூடு பிடித்தபோது குணசேகரன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உறைந்து நின்றார். அதில் இருந்த ஆரஞ்சுச் சாற்றில் வளையம் வளையமாக நடுக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன். பழக்க தோஷம், உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன். நன்றாகவே அதிர்ந்தது.

"மேடம்," என்றார் குணசேகரன், "இது எந்த மெஷின்?"

"இதை நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை குணா" என்றேன்.

ரீத்தா வந்து எங்கள் இருவர் கையையும் பிடித்து, கூட்டத்துக்கு நடுவே இழுத்துக்கொண்டு போனாள்.